கழுத்தில் மஞ்சள் வைத்த பாராசூட் சட்டை

ஆகஸ்ட் 2009, முதல் சனிக்கிழமை. காலை 5.50 மணிக்குக் கோயம்பேட்டில் கடலூர் பேருந்து ஏறினேன். கட்டணம் எண்பத்திரண்டு ரூபாய், தூரம் ஏறக்குறைய நூற்றெண்பத்தைந்து கிலோமீட்டர். நாலரை மணி நேரம் தூங்கலாம் என்றுதான் ஜன்னல் சீட்டாகப் பார்த்துப் பிடித்தேன். செங்கல்பட்டு தாண்டுவதற்குள் செந்தில் ஆறு முறை போன் செய்துவிட்டார்.

"சார், எங்க வரீங்க?"

செந்திலை நான் நேரில் பார்த்ததில்லை. சிதம்பரத்தில் செல்போன் ரீசார்ஜ் கடை வைத்திருப்பவர். அவருடைய அப்பா பலராமன் ராணுவத்தில் பாராசூட் பிரிவில் இருந்தவர். எழுபத்தொன்றாம் வருடப் போரைப் பார்த்துவிட்டு ஹவில்தாராக ஓய்வு பெற்று வந்தார். வரும்போது தன் உருமறைப்புச் சட்டையையும் கொண்டுவந்திருக்கிறார். பச்சையும் பழுப்புமாகத் தூரிகையால் இழுத்துவிட்டது போலிருக்குமே, அது. அதை அவர் படித்த பள்ளிக்கூடத்தில் சுதந்திர தினத்தன்று கண்ணாடிப் பெட்டியில், பெயர் எழுதி வைப்பதாக ஏற்பாடு. ஏற்பாட்டுக் கூட்டத்தில் யாரோ ஒருவர் எழுந்து, இந்த மாதிரி சட்டை கடலூரில் ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும், எதை நம்பி வைப்பது என்று கேட்டுவிட்டார். அன்றிலிருந்து பெரியவர் கடைத்தெருப் பக்கமே போவதில்லையாம். விவரம் தெரிந்த ஒருவர் எழுதிக் கொடுத்தால் வைக்கிறோம் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள்.

அந்த விவரம் தெரிந்தவன் நான்தான். பிழைப்புக்கு வங்கியில் குமாஸ்தா. மற்ற நேரமெல்லாம் பழைய ராணுவ உடைகளின் பின்னால் அலைகிறவன். இருபது வருடச் சேகரிப்பு வீட்டில் ஏழு டிரங்குப் பெட்டிகளில் இருக்கிறது. அந்துருண்டை வாசனை தாங்காமல் விருந்தாளிகள் வாசலோடு போய்விடுகிறார்கள் என்பது என் மனைவியின் புகார். கூட்டத்தில் எழுந்தவர் சொன்ன கடையை முதலில் பார்த்துவிடுவோம், போலி எது என்று தெரிந்தால்தானே அசலைச் சொல்ல முடியும் என்று கடலூருக்குச் சீட்டு வாங்கியிருந்தேன். உண்மையைச் சொன்னால், பழைய துணிக் கடை என்று கேள்விப்பட்டால் என் கால் சும்மா இருக்காது.

காலை 10.35, கடலூர். பேருந்து நிலையத்தில் ஓர் ஆட்டோ. முதுநகர் போக எண்பது ரூபாய் கேட்டார், எழுபதுக்கு இறங்கினார். பழைய மிலிட்டரி துணி விற்கும் கடை என்று சொல்லித் தொலைத்தேன்.

"மிலிட்டரி துணிதான சார், நம்ம மச்சான் கடையிலேயே இருக்குது. வாங்க காட்டறேன்."

மச்சான் கடையில் இருந்தது செக்யூரிட்டிக்காரர்களின் சீருடை. பழசு வேண்டும் என்றேன். "பழசு எதுக்கு சார், புதுசே முந்நூத்தம்பதுதான்" என்றார் மச்சான். அடுத்த கடையில் உருமறைப்பு டிசைன் போட்ட அரைக்கால் சட்டைகள். அதற்கடுத்த கடையில், என் இருபது வருட வாழ்க்கையில் முதன்முறையாக, உருமறைப்பு டிசைனில் ஒரு லுங்கி. காட்டில் யாரிடமிருந்து ஒளிந்துகொள்ள இதைக் கட்டுவார்கள் என்று கேட்டேன். கடைக்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. செந்தில் மறுபடி போன் செய்தார்.

மதியம் 12.10. நாலாவது கடை. முதுநகரில் உப்பங்கழிப் பக்கம் தகரக் கூரை போட்ட கிடங்கு. உரிமையாளர் தனசேகர், ஐம்பது வயது, நிதானமான ஆள். நான் கேட்டதைக் கேட்டுவிட்டு உள்ளே போய் ஒரு மூட்டையை அவிழ்த்தார். அடியிலிருந்து ஒரு சட்டை வந்தது. பாராசூட் வீரர்கள் போடும் தொளதொளச் சட்டை. முதுகுப் பக்கம் தொங்கும் வாலோடு இருந்தது. குதிக்கும்போது காற்றில் சட்டை மேலே ஏறாமலிருக்க, கால்களுக்கிடையில் இழுத்து முன்னால் மாட்டிக்கொள்ளும் துணி அது.

"சுனாமி வந்தப்ப ஊரு ஊரா துணி அனுப்புனாங்கல்ல சார். ரோட்டோரம் மலை மாதிரி கெடந்துச்சி. கம்பளி, கோட்டு, இதெல்லாம் இங்க யாரு போடறது? அதுல பொறுக்குனது. ஒண்ணே ஒண்ணுதான் இருக்குது."

இதில் நம்பாமலிருக்க என்ன இருக்கிறது? அந்தக் குவியல்களை நானே பத்திரிகைப் படங்களில் பார்த்திருக்கிறேன். இருந்தாலும் நான் கதையை நம்புகிறவன் இல்லை, சோதனையை நம்புகிறவன். சாயம் அழகாக வெளிறியிருந்தது. ஜிப் பித்தளை, பச்சை பூத்திருந்தது. கடைசியாக, வங்கியில் கள்ளநோட்டு பார்க்கும் ஊதா விளக்கை எடுத்தேன். இந்தக் காலத்து நூலில் வெண்மைக்காக ஒரு மருந்து சேர்ப்பார்கள். ஊதா வெளிச்சத்தில் அது நீலமாக மின்னும். பழைய நூல் மின்னாது. இந்தச் சட்டை கரிக்கட்டை போல் அப்படியே கிடந்தது. என்ன விலை என்று கேட்டேன். ஆயிரத்தைந்நூறு சொன்னார், எண்ணூற்றைம்பதில் முடித்தேன். அவருக்கு அதன் மதிப்பு தெரியவில்லையே என்று கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது.

மதியம் 1.20 மணிக்குச் சிதம்பரம் பேருந்து. நாற்பத்தைந்து கிலோமீட்டர், பதினெட்டு ரூபாய். ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர் என்று கை காட்டியவர்களுக்கெல்லாம் நின்றது. மேலே வைக்கச் சொன்ன கண்டக்டரிடம் சண்டை போட்டுப் பையை மடியிலேயே வைத்துக்கொண்டேன்.

பிற்பகல் 2.50, சிதம்பரம். பேருந்து நிலையத்திலேயே செந்தில் நின்றார். ஸ்கூட்டரில் தெற்கு வீதியைக் கடந்து ஒரு சந்து. வீட்டில் பெரியவர் பலராமன் சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு, நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். வயது அறுபத்தைந்து இருக்கும். எழுந்து கைகூப்பினார். அவர் மனைவி ராஜேஸ்வரி அம்மாள் காபி கொண்டுவந்தார்.

"மொதல்ல சாப்புடுங்க தம்பி. சட்ட எங்கயும் ஓடிடாது."

ஒரு தாம்பாளத்தில் வைத்துச் சட்டையைக் கொண்டுவந்தார் செந்தில். பார்த்ததுமே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டு, அப்பளம் மாதிரி விறைப்பாக இருந்தது. பச்சை நேற்று அச்சடித்தது போலப் பளீரென்று. நைலான் ஜிப். பிளாஸ்டிக் பொத்தான்கள். கழுத்துப் பட்டையின் உள்துணி புத்தம்புதுசு, முத்திரை எதுவுமில்லை. முதுகில் வால் இல்லை. கழுத்தோரம் புதுத் துணிக்கு வைக்கிற மாதிரி ஒரு சொட்டு மஞ்சள் வேறு. விளக்கை அடித்தேன். சட்டை முழுக்க நீல வெள்ளையாக மின்னியது. மஞ்சள் சொட்டு தனியாக ஜொலித்தது.

இதற்காகவா விடிவதற்கு முன்னால் எழுந்தேன் என்ற கோபம். நயமாகச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"இது புதுச் சட்டை. நான் எழுதிக் கொடுக்க முடியாது."

அதோடு விட்டேனா? பையைத் திறந்து என் கடலூர்ச் சட்டையை எடுத்துத் தாம்பாளத்துக்குப் பக்கத்தில் விரித்தேன். அசல் எப்படியிருக்கும் என்று இதைப் பாருங்கள் என்றேன். பெரியவர் குனிந்து பார்த்தார். தோளோடு கை சேரும் கைக்குழி தைத்த இடத்தில் இரண்டு விரலை விட்டு நிதானமாக ஒரு சுற்று சுற்றினார். என் முகத்தைப் பார்த்தார்.

"சரிங்க சார்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

செந்தில் முகம் மட்டும் மலர்ந்திருந்தது. "புதுசு மாதிரியே இருக்குதுன்னு நீங்களே சொல்லிட்டீங்க சார். அதான வேணும். டெய்லர் கூலி கொஞ்சம் ஜாஸ்திதான், ஆனா வேல சுத்தம்."

டெய்லரா என்று கேட்டேன்.

"கண்ணாடிப் பொட்டியில வெக்கறத கந்தலா குடுக்க முடியுமா சார்? அப்பா கம்மாபுரத்துல தங்கச்சி வீட்டுக்குப் போயிருந்தாங்க. அவுங்க வர்றதுக்குள்ள முடிக்கணும்னு மேல வீதியில குடுத்தேன். துருப்புடிச்ச ஜிப்பு, பொத்தான், கழுத்து எல்லாத்தயும் மாத்தியாச்சி. சாயம் ஏத்தி, பவுடர்ல ரெண்டு தண்ணி தொவச்சி, கஞ்சி போட்டோம். புதுசு மாதிரி வந்துட்டதால அம்மா மஞ்ச வெச்சாங்க."

எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. அங்கே கடலூரில் ஒருவர் பழையதைப் பழையதாகவே விற்கிறார். இங்கே ஒரு மகன் முப்பத்தெட்டு வருடத்துச் சட்டையைப் பாசத்தினாலேயே போலியாக்கி வைத்திருக்கிறார். சலவை பவுடரிலும் அதே வெண்மை மருந்து உண்டு. இரண்டு தண்ணி துவைத்தால் எந்தத் துணியும் என் விளக்கில் மின்னும். அதை நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. அடையாளம் என்று ஏதாவது இருந்திருந்தால் அதெல்லாம் டெய்லர் கடைக் குப்பையில். பெரியவரைத் திரும்பிப் பார்த்தேன்.

"நீங்கள் சொல்லியிருக்கக் கூடாதா?"

"ஆசயா செஞ்சிட்டான் சார். வந்து பாத்தப்ப எல்லாம் முடிஞ்சிபோச்சி. அவன என்னத்தச் சொல்றது?"

"வால் எங்கே?"

"அது அசிங்கமா பின்னாடி தொங்கிச்சி சார், டெய்லர் வெட்டிட்டாரு" என்றார் செந்தில்.

"கெட்டித் துணின்னு டெய்லர்கிட்டேருந்து அத நாந்தான் வாங்கியாந்தேன்" என்று அடுப்படியிலிருந்து ராஜேஸ்வரி அம்மாளின் குரல் வந்தது.

செருப்பில்லாத காலோடு அடுப்படிக்குள்ளேயே போய்விட்டேன். அடுப்பு மேடையில், சோற்றுப் பானை இறக்கும் கரித்துணியாக அது மடித்துக் கிடந்தது. எண்ணெயும் கரியும் ஏறி ஒரு பக்கம் கறுத்திருந்தது. திருப்பினேன். உட்பக்கத்தில் அரசாங்கச் சொத்துக்கு அடிக்கும் அம்புக்குறியின் பாதி. அதன் கீழே, சலவைக்காரர்கள் குறி வைக்கும் அழியாத மையில் கையால் எழுதிய நாலு எண்கள்: 4417.

பெரியவர் தகரப் பெட்டியைத் திறந்து தன் பணி விடுவிப்புப் புத்தகத்தை எடுத்தார். படை எண்ணின் கடைசி நாலு இலக்கம் 4417.

"சலவையில மாறிடக் கூடாதுன்னு எல்லாரும் கடைசி நாலு நம்பர எழுதுவோம் சார். வால்ல எழுதுனா வெளிய தெரியாது."

மாலை 4.15. வெள்ளைத்தாளில் ஒன்றரைப் பக்கம் எழுதினேன். சட்டை அசல், பின்னால் பழுது பார்க்கப்பட்டது, வாலையும் விடுவிப்புப் புத்தகத்தின் பக்கத்தையும் சேர்த்தே பெட்டியில் வைக்க வேண்டும், எக்காரணம் கொண்டும் வாலைத் துவைக்கக் கூடாது என்று கையெழுத்துப் போட்டேன். பெரியவர் அதை இரண்டு முறை படித்தார். மடித்து வெள்ளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு செருப்பை மாட்டினார்.

"எங்க கெளம்பிட்டீங்க?" என்று கேட்டார் மனைவி.

"கடைத்தெரு வரைக்கும் போயிட்டு வரேன்."

"அது சரி, இனிமே நான் பானைய எதால எறக்கறது? தம்பி, ஒங்க சட்டயிலயும் வால் இருக்குதே, அத வெட்டிக் குடுத்துட்டுப் போங்க." விளையாட்டாகத்தான் சொன்னார். சொல்லிக்கொண்டே என் கடலூர்ச் சட்டையின் ஓரத்தைக் கட்டை விரலால் தேய்த்துப் பார்த்தார். தேய்த்தவர் முகத்தைச் சுளித்தார். "ஐய, இது வேணாம். பாலிஸ்டர் கலந்தது. சூட்டுல கையில ஒட்டிக்கும்."

இருக்கவே இருக்காது என்றேன். அவர் தொங்கிய நூல் ஒன்றைப் பிய்த்து அடுப்பில் காட்டினார். பருத்தி நூல் சாம்பலாகும். இது சுருண்டு உருகிக் கறுப்பு மணியாகி நின்றது. எனக்குத் தெரிந்த சோதனைதான். பொக்கிஷத்திலிருந்து யாராவது நூலைப் பிய்த்துக் கொளுத்துவார்களா என்று நான் செய்யவில்லை. வெண்மை மருந்து சேராத புது நூலும் உண்டு, அது என் விளக்கில் மின்னாது என்பதையும் யோசிக்கவில்லை.

வாசலில் நின்றிருந்த பெரியவரிடம் கேட்டேன். "உங்களுக்குத் தெரியுமா?"

"விரிச்சப்பவே தெரிஞ்சிது சார். கைக்குழி இறுக்கமா தச்சிருக்கு. இதப் போட்டுக்கிட்டு பாராசூட் கயித்தப் புடிக்கக் கைய மேல தூக்க முடியாது. மெட்ராஸ்லேர்ந்து வந்திருக்கீங்க, எல்லார் முன்னாடியும் எப்படிச் சொல்றதுன்னு விட்டுட்டேன்."

எனக்கு வெட்கமாக இருந்தது. அவருடைய பேரை அவர் வீட்டுக்குள்ளேயே, மனைவி மகன் முன்னாலேயே கெடுத்தவன் நான். அந்த நிமிடத்திலும் என் பேரைக் காப்பாற்ற நினைத்திருக்கிறார்.

மாலை 5.40, சென்னைப் பேருந்து. நூற்றிரண்டு ரூபாய். இந்த முறை கண்டக்டர் சொன்னதும் பையை மேலேயே வைத்துவிட்டேன். வீட்டில் ஏழு பெட்டிகள் இருக்கின்றன. ஒவ்வொரு சட்டையிலிருந்தும் ஒரு நூலை உருவி நெருப்பில் காட்டிப் பார்க்க வேண்டும். அது என் பாடு, ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை. எட்டாவதாக ஒரு கோப்பும் இருக்கிறது. இதுவரை போலி என்று நான் எழுதிக் கொடுத்த கடிதங்களின் நகல்கள் அதில் இருக்கின்றன. அந்த வீடுகள் எதிலும் நான் அடுப்படி வரை போனதில்லை.