முகவாய் முடியும் மூன்று வித மின்சாரமும்

எங்கள் தொழிலில் ஒரு மணி நேரத்துக்கு ஒரு ரூபாய் நாணய அளவு இடம் சுத்தமானால் அது நல்ல நாள்.

மின்சார ஊசியால் முடியை வேரோடு எடுப்பவள் நான். சிங்கப்பூரில் பதினேழு வருஷம் குளுகுளு அறையில் செய்த வேலையை இப்போது சின்ன காஞ்சிபுரத்தில் ஒரு ஜெராக்ஸ் கடை மாடியில் செய்கிறேன். வயது நாற்பத்தெட்டு. என் முகவாயிலும் ஆறு முடிகள் இருந்தன. ஆகவே, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் கை தானாக முகவாய்க்குப் போய் அந்த ஒற்றை முள்ளைத் தடவித் தடவித் தேடுகிற சகோதரிகளே, மகனுக்கு மீசை அரும்புவதற்குள் முந்திக்கொண்ட அம்மாக்களே, வாருங்கள். நாமெல்லாம் ஒரே கட்சி.

பக்கத்து அறைக்காரி

மாடியில் இரண்டு அறைகள். ஒன்று எனக்கு. மற்றதில் ரெஹானா நூல் வைத்துப் புருவம் திருத்துகிறாள். நான் வந்த புதிதில் வாடிக்கை யாரும் இல்லாததால் தொழில் விளக்கம் முழுவதையும் அவளிடமே சொல்லித் தீர்த்தேன். முடி முளைக்கிற துளைக்குள் முடியளவே இருக்கும் ஊசியை விடவேண்டும். புதிதாகக் குத்துவதில்லை, இருக்கிற வழியிலேயே இறங்குவதுதான். பிறகு கொஞ்சம் மின்சாரம். வேர் செத்துவிட்டால் முடி இழுக்காமலே வழுக்கிக்கொண்டு வரும். எல்லா முடியும் ஒரே சமயத்தில் வெளியே நிற்பதில்லை, முறை வைத்து முளைக்கும். அதனால் ஒரு வருஷம், ஒன்றரை வருஷம் வந்துபோக வேண்டியிருக்கும். ஆனால் செத்த வேர் செத்ததுதான், திரும்ப முளைக்காது என்று பெருமையாக முடித்தேன்.

ரெஹானா பல்லில் கடித்திருந்த நூலை எடுத்துவிட்டுப் பரிதாபமாகப் பார்த்தாள். "அப்ப அவங்க திரும்ப வரவே மாட்டாங்களேக்கா! என் கையால எடுத்தா பதினஞ்சே நாள்ல முளைச்சிடும். தொழில்னா அப்டி இருக்கணும்."

முன்பக்கத்துப் பெண்

தை மாதம் துப்பட்டாவால் மூக்குவரை மூடிக்கொண்டு ஒருத்தி படியேறி வந்தாள். சுகந்தி. முப்பத்திரண்டு வயது. காந்தி ரோட்டில் ஒரு பட்டுக்கடையில் வேலை. சேலையைத் தன் மேலேயே போட்டு, முந்தானையைத் தோளில் விரித்து, கண்ணாடி முன்னால் நின்று காட்டுவது அவள் பொறுப்பு. அந்தக் கடையில் அதற்கு அவளை விட்டால் ஆளில்லை என்று பெயர் வாங்கியிருந்தாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால், ஹார்மோன் கோளாறில் முகவாயில் முடி தடித்தது. ஒரு நாள் கல்யாணப் பெண் ஒருத்தி சேலையைப் பார்க்காமல் கண்ணாடியில் இவள் முகவாயைப் பார்த்து, தங்கையின் காதில் ஏதோ சொல்லிச் சிரித்தாள். மறுநாளே சுகந்தி கண்ணுக்கு லைட் ஒத்துக்கொள்ளவில்லை என்று முதலாளியிடம் பொய் சொல்லி, பின்பக்கத்து கோடவுனுக்கு மாறிக்கொண்டாள்.

இப்போது முதலாளி தீர்த்துச் சொல்லிவிட்டாராம்: ஆவணி முகூர்த்தக் கூட்டம் தொடங்குவதற்குள் முன்பக்கம் வந்து நின்றால் சரி, இல்லையென்றால் அந்த இடம் புதிதாக வந்த பெண்ணுக்கு. ஏழு மாதத்தில் முழுசாக முடியாது, ஒரு வருஷத்துக்கு மேலாகும் என்றேன். அவள் துப்பட்டாவை இறக்கினாள். "நீங்க எடுங்கக்கா. ஆவணிக்குள்ள நான் அந்தக் கண்ணாடி முன்னாடி நின்னாவணும், அவ்ளோதான்."

சாயக்காரம்மா

எந்த மின்சாரம் என்ற கேள்விக்கு எங்கள் தொழிலில் மூன்று பதில் உண்டு. கால்வானிக் என்பது பழைய முறை. மெல்லிய நேர் மின்சாரம் போய், தோலுக்குள் இருக்கும் உப்புத் தண்ணீரை அரிக்கிற காரமாக மாற்றும். அந்தக் காரம் வேரைக் கரைக்கும். ஒரு முடிக்கு ஒரு நிமிஷம், சமயத்தில் அதற்கும் மேல். தெர்மாலிசிஸ் என்பது சூடு. ஓரிரண்டு விநாடியில் வேர் வெந்துவிடும். மேலுதட்டுப் பூனைமுடிக்கு அது போதும். ஆனால் வருஷக்கணக்காகப் பிடுங்கிப் பிடுங்கி வேர் வளைந்துபோன முகவாய் முடிக்குச் சூடு மட்டும் எட்டாது. அதற்கு இரண்டையும் ஒரே ஊசியில் கலந்து விடுகிற பிளெண்ட். சுகந்திக்கு உதட்டில் சூடு, முகவாயில் பிளெண்ட் என்று ஆரம்பித்திருந்தேன்.

இதையெல்லாம் படம் போட்டு சரோஜாம்மாவுக்கும் விளக்கினேன். பிள்ளையார்பாளையத்தில் பட்டு நூலுக்குச் சாயம் போடுகிற வீடு, அறுபது வயது, முகவாயில் எல்லாமே வெள்ளை. லேசர் வைக்கிற இடத்தில் வெள்ளை முடி அந்த வெளிச்சத்துக்குத் தெரியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். "நான் வேணா சாயம் போட்டுக்கினு வரட்டான்னு கேட்டேன், அந்தப் பொண்ணு சிரிக்கவே இல்ல" என்றார். ஊசிக்குக் கறுப்பு வெள்ளை பேதமில்லை என்று நான் தேற்றினேன். பிளெண்ட் படத்தைப் பார்த்ததும் அதை என் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார். "நூலுக்குப் பசை எடுக்கிறோம் பாரு, அதாம்மா இது. சோடா மட்டும் போட்டாலும் ஆவாது, அடுப்பு மட்டும் எரிஞ்சாலும் ஆவாது, ரெண்டும் சேரணும். இதுக்கா நீ சிங்கப்பூர் போயி படிச்சே?"

பிசிறு

சுகந்தி இரண்டு வாரத்துக்கு ஒரு முறை தவறாமல் வந்தாள். முதல் தடவை நாற்பது முடி. அடுத்த தடவை பன்னிரண்டு. அதற்கடுத்து ஏழு. என் கை ராசியை நினைத்து எனக்கே கர்வம் வந்தது. ரெஹானாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். ஆவணி எதற்கு, ஆனியிலேயே முடித்துவிடலாம் என்றுகூடச் சொல்லிவைத்தேன். பங்குனியில் ஒரு நாள் நான்கு நாள் முன்னதாகவே வந்தாள். லைட்டைப் போட்டுப் பூதக்கண்ணாடியை இறக்கினால், முகவாய் முழுக்க முப்பத்தைந்து, நாற்பது. தொடாதவை போல, திடகாத்திரமாக நிற்கின்றன.

விசாரித்தேன். பட்டுக்கடையில் ஒரு பழக்கம் உண்டு. தறியிலிருந்து வந்த சேலையை அப்படியே யாருக்கும் காட்டமாட்டார்கள். பின்புறம் திருப்பிப் போட்டு, தொங்குகிற ஜரிகை நுனி, பட்டு இழை எல்லாவற்றையும் சின்ன இடுக்கியால் ஒவ்வொன்றாக எடுத்துவிட்டுத்தான் முன்பக்கம் அனுப்புவார்கள். கோடவுனில் சுகந்தி நாள் முழுக்கச் செய்வது அந்த வேலைதான். என்னிடம் வருகிற நாள் காலையில் அதே இடுக்கியால் முகவாயையும் சுத்தம் செய்துகொண்டு வந்திருக்கிறாள். இந்தத் தடவை முன்னதாகவே வந்ததில் அது விட்டுப்போயிற்று. முடியே இல்லாத துளைக்குள் நான் எதை எடுப்பது? இடுக்கிக்குத் தப்பிய ஏழு முடியையும் பன்னிரண்டு முடியையும் என் சாதனையாக எண்ணிக்கொண்டு இரண்டு மாதம் ஓட்டியிருக்கிறேன். இனி பிடுங்கக்கூடாது, கத்தரிக்கலாம், வருவதற்கு மூன்று நாள் முன்னால் அதுவும் கூடாது, முடி வெளியே நிற்கணும் என்றேன். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. "பிசிறோட சேலையை யாராவது இன்னொருத்தருக்குக் காட்டுவாங்களாக்கா?"

தேர் வந்த நேரம்

வைகாசியில் பெருமாள் தேர் ஓடும் நாளில் கடையைத் திறந்தது என் தப்பு. அன்றைக்குக் கூட்டத்தில் யாரும் தன்னைக் கவனிக்கமாட்டார்கள் என்று சுகந்திதான் அந்த நாளைக் கேட்டிருந்தாள். சரோஜாம்மா தன் முறைக்காக வாசல் நாற்காலியில் காத்திருந்தார். சுகந்தியின் முகவாயில் இடப்பக்கம் முடித்து நடுவுக்கு வந்தேன். தேர் உச்சி ஒயரில் இடிக்கும் என்று தெருவில் கரண்டை எடுத்துவிட்டார்கள். மிஷின் நின்றது, ஃபேன் நின்றது, கீழே ஜெராக்ஸும் நின்றது. என் பழைய கால்வானிக் பெட்டி பேட்டரியில் ஓடும். அதை எடுத்துத் தூசி தட்டி, ஜன்னல் வெளிச்சத்தில் நிமிஷத்துக்கு ஒரு முடி என்று நகர்ந்தேன்.

தேர் எங்கள் வாசலுக்கு வந்தது. எல்லா மாடியிலும் ஜனம். சுகந்திக்குப் போய்ப் பார்க்க ஆசை. பாதி முகவாய் சிவந்து, பாதியில் மூன்று நாள் முடி. துப்பட்டாவைத் தேடினாள், அது என் மேஜைக்கடியில் பெட்டிக்குப் பின்னால் எங்கோ விழுந்திருந்தது. தேர் நகர ஆரம்பித்துவிட்டது. சரோஜாம்மா அவள் கையைப் பிடித்து ஜன்னலுக்கு இழுத்துக்கொண்டு போனார். "வாடி! அவரு பார்க்காத தாடியா?"

ஆவணி

ஆவணி பிறந்தது. மேலுதடு ஏறக்குறைய முடிந்திருந்தது. முகவாயில் பாதிகூட ஆகவில்லை. இழந்த இரண்டு மாதத்தில் அவள் தப்பு பாதி, சந்தேகப்படாமல் கர்வப்பட்ட என் தப்பு பாதி. அதைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். சுகந்தி அடுத்த வெள்ளிக்கிழமைக்கு நேரம் மட்டும் குறித்துக்கொண்டு இறங்கிப் போனாள். இடம் போய்விட்டது என்றே நினைத்தேன்.

என் தங்கை மகள் நிச்சயத்துக்குச் சேலை எடுக்க அந்தக் கடைக்குத்தான் போனேன், கோடவுனில் எட்டிப் பார்க்கிற சாக்கில். கோடவுன் வரை போகவேண்டியிருக்கவில்லை. கண்ணாடி முன்னால், எல்லா லைட்டும் எரிய, அரக்கு நிறச் சேலையைத் தோளில் விரித்தபடி நின்றிருந்தாள். மறுநாள் வெள்ளிக்கிழமை என்பதால் முகவாயில் மூன்று நாள் முடி. துப்பட்டா இல்லை. எதிரே ஒரு கல்யாணப் பெண், அவள் அம்மா, அத்தை என்று ஆறு பேர். அந்த அம்மாவின் பார்வை சேலையில் இல்லை. சுகந்தி அதைக் கண்ணாடியிலேயே பார்த்துவிட்டாள். முந்தானை ஒரு மடிப்புக்கூடக் கலையவில்லை. "கரண்ட் வச்சு எடுத்துக்கினு இருக்கேம்மா. முடிய இன்னும் ஒரு வருஷம் ஆவும். நீங்க பார்டரைப் பாருங்க."

முடி போனால் பெண்கள் தைரியமாக முன்னால் வந்து நிற்பார்கள் என்று நம்பித்தான் இந்தத் தொழிலில் இருக்கிறேன். அதற்குக்கூடக் காத்திராமல் முடியோடு போய் நின்றுவிடுகிறவர்களைப் பற்றி எங்களுக்குப் பாடத்தில் ஒரு வரியும் சொல்லித்தரவில்லை.