யோகேஸ் ரீச்சரின் சரியான வயது

கிளிநொச்சியில் ஒரு தொலைபேசிக் கடையில் நின்று யோகேஸ் அக்காவின் தம்பி பேசினான். "யோகேசக்கா போயிட்டா" என்றான். விழுந்து இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்தவர், சளி பிடித்து எழும்பவே இல்லையாம். நான் வவுனியாவில் குசினி அடுப்பை அணைத்துவிட்டு வாசலுக்கு வர, அவன் அடுத்ததைக் கேட்டான்: "அஞ்சலி நோட்டீசில வயசு எத்தினை எண்டு போடுறது? உங்களுக்குத்தான் தெரியுமெண்டு அத்தான் சொல்லுறார்."

எனக்குத் தெரியவில்லை. எங்கள் குடும்பத்துப் பெண்களின் வயது எதுவுமே இப்போது எனக்கு நிச்சயமில்லை. சண்டையால் பாதை பூட்டிக் கிடப்பதால் செத்தவீட்டுக்கும் போக முடியவில்லை. அக்கராயன் பள்ளிக்கூடத்தில் அவரிடம் உயிரியல் படித்த உங்களுக்கும், அவரோடு படிப்பித்த உங்களுக்கும் அவர் கண்டிப்பான ரீச்சர். எனக்கு அவர் பெரியம்மாவின் மகள். வவுனியாவுக்கு மாறி வருமுன் அதே பள்ளிக்கூடத்தில் நான் கணிதம் படிப்பித்தேன். குழம்பிப்போயிருக்கிற மனதோடுதான் இதை எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்காவுக்குப் பிள்ளை இல்லை. யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வந்து கொட்டிலில் இருந்த காலத்தில், முப்பத்தைந்து வயதுக்கு முன்பே அவருக்கு மாதவிலக்கு நின்றுவிட்டது. ஊர்வாய் சும்மா இருக்குமா? சிலர் தோஷம் என்றார்கள். சிலர் ஓடித்திரிந்ததிலும் சாப்பாடில்லாததிலும் நின்றது என்றார்கள். அக்கா யாரோடும் வாதாடவில்லை. இது பரம்பரையாக வந்ததாகத்தான் இருக்க வேண்டும் என்று தனக்குள் தீர்மானித்துக்கொண்டு, அதற்குச் சாட்சி தேடத் தொடங்கினார்.

பெரியம்மாவின் முப்பத்தோராம் நாள் சடங்கான அந்தியேட்டியன்று சாட்சி கிடைத்தது. சொந்தக்காரப் பெண்கள் எல்லாரும் கூடியிருந்து பூசணிக்காய் வெட்டுகிறோம். அக்கா நடுவில் வந்து குந்தி, "உங்களுக்கெல்லாம் எந்த வயசில நிண்டது?" என்று கேட்டார். எனக்குக் கத்தி கையில் பட்டுவிட்டது. "அந்தியேட்டி வீட்டில கேக்கிற கதையே இது?" என்று சீறினார் குஞ்சம்மா, எங்கள் தாய்மாரின் கடைசித் தங்கை. சீறினாலும் பதில் சொன்னார். தனக்கு முப்பத்தெட்டு, என் அம்மாவுக்கும் அதற்குக் கிட்ட, செத்துப்போன பெரியம்மாவுக்கு இன்னும் முந்தி. அக்காவின் முகத்தில் அன்று வந்த நிம்மதியை நான் அதற்கு முன் கண்டதில்லை.

சமாதானம் வந்து பாதை திறந்ததும் கொழும்புக்குப் போய் ஒரு வைத்திய நிபுணரைக் கண்டார். அதற்கான சோதனை இங்கே இல்லை, ஆனால் தாய்க்கும் சிறிய தாய்மாருக்கும் அப்படியென்றால் பரம்பரையாக இருக்கலாம் என்று அவர் சொல்லியிருக்கிறார். அந்த 'இருக்கலாம்' என்ற சொல்லை ஓமந்தைச் சோதனைச்சாவடிக்கு வருமுன்பே அக்கா எங்கேயோ இறக்கி விட்டுவிட்டார். வந்ததும் வராததுமாக என் வீட்டுக் கதிரையில் அமர்ந்து வகுப்பெடுத்தார்.

"ஆம்பிளையளுக்குப் புதுசு புதுசா ஊறிக்கொண்டிருக்கும். எங்களுக்குப் பிறக்கேக்கை தந்துவிட்ட முட்டையோட சரி. விதைநெல் மாதிரி. எவ்வளவு தந்தது, எவ்வளவு கெதியா முடியுது எண்டது தாய் தேப்பன் வழியில வாறது. எங்கட வீட்டில கெதியா முடியுது."

அப்போது நாங்கள் பிள்ளையைத் தள்ளிப் போட்டிருந்தோம். "சமாதானம் நிலைக்குதோ எண்டு பாப்பம் அக்கா" என்றார் என் கணவர். "சமாதானத்துக்கு நீங்கள் காத்திருங்கோ தம்பி. முட்டை உங்களுக்காகக் காத்திராது. சுணங்காதேங்கோ" என்றார் அக்கா. நான் பயந்துபோனேன். அடுத்த வருடம் மகள் பிறந்தாள்.

பிள்ளைப்பேற்றுத் தீட்டு நீங்கும் துடக்குக் கழிவன்று குஞ்சம்மா பிள்ளையை மடியில் வைத்திருந்தார். சாதகம் எழுதப் பிறந்த நேரத்தை யாரோ கேட்டார்கள். "சரியாச் சொல்லுங்கோ. வேணுமெண்டால் பிறகு குறைக்கலாம், ஐயா எங்களுக்குக் குறைச்ச மாதிரி" என்று சொல்லிக் குஞ்சம்மா சிரித்தார். மாப்பிள்ளைமாருக்குப் பொருந்த வேண்டுமென்று தாத்தா தன் பெண்கள் எல்லாருடைய சாதகத்திலும் வயதைக் குறைத்து எழுதுவித்தவராம். குஞ்சம்மாவுக்கே ஏழு வருடமாம்.

அக்கா மெதுவாகக் கேட்டார்: "அப்ப அண்டைக்கு முப்பத்தெட்டு எண்டனீங்கள்?"

"அது கலியாணத்துக்குச் சொன்ன வயசு, பிள்ளை. அதைத்தானே இவ்வளவு காலமும் சொல்லி வாறம். என்ர மனுசன் விறாந்தையில இருக்கேக்கை வேற என்னத்தைச் சொல்லுறது?"

முப்பத்தெட்டும் ஏழும் நாற்பத்தைந்து. ஊரில் எல்லாருக்கும் நிற்கிற வயது. அக்காவும் எங்களோடு சேர்ந்து சிரித்தார். எனக்கு உள்ளுக்குள் கோபம் பொங்கியது. எங்களை இப்படி அவசரப்படுத்தினாரே! ஆனால் போகும்போது சைக்கிளைப் பிடித்தபடி அவர் கேட்டதில் கோபம் அப்படியே வடிந்துவிட்டது.

"அப்ப எனக்கு ஏனடி நிண்டது?"

தோஷம் இல்லை, விதி இல்லை, தன் குற்றமும் இல்லை என்று அவர் பிடித்துக்கொண்டிருந்த ஒன்றை நாங்கள் சிரித்துச் சிரித்தே பறித்துவிட்டோம். "தேப்பன் வழியாலயும் வரலாம்" என்று சொல்லிக்கொண்டு பிறகு தர்மபுரத்தில் இருந்த, தகப்பனின் சகோதரியான தன் மாமியைத் தேடிப் போனார். மாமிக்குத் தன் வயதே தெரியவில்லை. அக்கா ஒரு பை முருங்கைக்காயோடு திரும்பி வந்தார்.

இப்போது மறுபடியும் சண்டை. சத்தம் கேட்டால் மகள் மேசைக்குக் கீழே ஓடுகிறாள். "கொஞ்சம் பொறுத்திருந்தால்..." என்று என் கணவர் தொடங்குவார், முடிக்கமாட்டார். பொறுத்திருந்தால் இந்தப் பிள்ளை ஏது? பிழையான கணக்கில் சரியாக வந்து பிறந்தவள் இவள். இதற்காக அக்காவைக் கும்பிடுவதா, திட்டுவதா? எனக்கு இன்னும் விளங்கவில்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நாற்பதுக்கு எனக்கு இன்னும் காலம் இருக்கிறது. ஆனால் இரண்டு மாதமாக வரவில்லை. வயிற்றில் பிள்ளையும் இல்லை, சோதித்துப் பார்த்துவிட்டேன். பயத்தில் நின்றதா, பரம்பரையில் நின்றதா? கேட்பதற்கு எனக்கு இருந்தவர் அவர் ஒருவர்தான்.

பிறப்புப் பதிவு இல்லாததால் அக்காவிடம் இருந்தது உத்தேச வயதுச் சான்றிதழ். பெரியம்மா சொன்னதைக் கேட்டு எழுதியது; அவரும் எத்தனை வருடத்தைக் குறைத்தாரோ. அதனால் நோட்டீசில் வயது போடவேண்டாம் என்று தம்பியிடம் சொல்லிவிட்டேன்.

அவரிடமிருந்து என்னிடம் மிஞ்சியது ஒரு பழக்கம்தான். மகள் என் வயதைக் கேட்கும்போது குறைக்காமல் சொல்கிறேன். ஒருநாள் அவளும் பூசணிக்காய் வெட்டுகிற இடத்தில் குந்தி, "அம்மா, உங்களுக்கு எப்ப நிண்டது?" என்று கேட்பாள். யார் விறாந்தையில் இருந்தாலும் சத்தமாகச் சொல்லுவேன்.