வெயிலில் கிடந்த பவளத் துண்டுகள்

அவனை எல்லாரும் நீர்க்காகம் என்றுதான் கூப்பிடுவார்கள். மூன்று அக்காக்களுக்குப் பின் பிறந்த ஒற்றைத் தம்பி. கடல் ஆய்வுக்கூடத்துக்காகப் பதினைந்து வருடமாய் முங்கிப் பவளம் எடுத்துக் கொடுப்பவன்.

பவளமும் நம்மைப் போலத்தான். நல்ல காலத்தில் உடம்பில் கொழுப்பைச் சேர்த்து வைக்கும். தண்ணீர் சூடேறினாலோ கலங்கினாலோ அதைக் கரைத்துத்தான் உயிர் பிழைக்கும். விரல்நுனித் துண்டில் உள்ள கொழுப்பைப் பார்த்தே கடலின் சேதியைச் சொல்லிவிடுவார் ஆய்வுக்கூடத்து மேடம்.

அந்த வாரச் சேதி இடியாய் இறங்கியது.

"கொழுப்பு பாதிதான் இருக்கு. பவளம் தேறுற வரைக்கும் அந்த வளைகுடாவுல படகே விடக்கூடாதுன்னு அரசாங்கத்துக்கு எழுதப்போறேன்."

பெரிய அக்காவின் கணவர் வலை போடுவது அங்கேதான். அந்த வலையை நம்பித்தான் அக்கா வீட்டு அடுப்பு எரிகிறது.

நீர்க்காகம் யோசித்துப் பார்த்தான். கடலடியில் அவன் பார்த்த பவளம் செழிப்பாகத்தானே இருந்தது? அப்புறம்தான் உறைத்தது. அன்று அவன் முங்கப் போனது அந்த மச்சானின் படகில்தான்; ஐஸ் பெட்டி முழுக்க அவர் தன் மீனை அடைத்திருந்தார். துண்டுகள் மதியம் வரை வாளியிலேயே வெயிலில் கிடந்தன. எடுத்த கையோடு ஐஸில் வைக்காவிட்டால் கொழுப்பு சிதைந்துவிடும் என்று மேடம் நூறு தடவை சொல்லியிருக்கிறார். அவனோ சீட்டில் வழக்கம்போல 'உடனே ஐஸ்' என்று எழுதி ஒட்டிவிட்டான்.

"உங்க மீனுக்கு எடம் குடுத்தேன் மச்சான், இப்ப உண்மையைச் சொன்னா என் வேலைக்கே ஆபத்து."

"போய்ச் சொல்லிடு மாப்ளே. பவளத்துல கொறைஞ்சா என்ன, உன்கிட்ட இருக்கிற கொழுப்புல கொஞ்சம் குடுத்துட்டு வா!" என்றார் மச்சான். சொன்னவருக்கே சிரிப்பு வரவில்லை.

போய்ச் சொன்னான். மேடம் கண்ணாடியைக் கழற்றினார்.

"பொய்யா எழுதினே?"

"ஆமா மேடம். மறுபடி எடுக்கிறேன். நீங்களே கூட வந்து பாருங்க."

மறுநாள் மேடம் வந்தார். படகு ஆட்டத்தில் இரண்டு முறை வாந்தி எடுத்தாலும், மடியில் இருந்த ஐஸ் பெட்டியை மட்டும் விடவில்லை. அப்புறம் நான்கு நாள் நீர்க்காகத்துக்குச் சோறு இறங்கவில்லை.

ஐந்தாம் நாள் மேடம் கூப்பிட்டார். "கொழுப்பு நெறையவே இருக்கு. கடலுக்கு ஒண்ணும் இல்ல. யாரும் படகை நிறுத்த வேணாம்."

"என் வேலை மேடம்?"

"இருக்கு. இன்னொரு தடவை பொய் எழுதினா இருக்காது."

வயிற்றில் பால் வார்த்ததுபோல இருந்தது. வெளிப்படியில் உட்கார்ந்து பெரிய அக்காவுக்குப் போன் போட்டான். விஷயத்தைக் கேட்ட அக்கா முதலில் மூக்கைச் சிந்தினாள். அப்புறம் தம்பியையும் புருஷனையும் சேர்த்து வைத்துத் திட்ட ஆரம்பித்தாள். போனை வைக்க மனமில்லாமல் கேட்டுக்கொண்டே இருந்தான்.