வீடு ஒரு பக்கம், கிராண்ட் ஒரு பக்கம்

குடை முனையால் மண்ணைக் குத்திப் பார்க்கிறார் முத்துக்குமாரு. குத்திவிட்டுத் தலையைச் சாய்த்துக் கேட்கிறார், கொஞ்சம் தள்ளிப்போய் மறுபடி குத்துகிறார். கெடா மாநிலத்தில் செர்டாங் ஊரைத் தாண்டி, எண்ணெய்ச் செம்பனைகளுக்கு நடுவே விலைக்கு வந்திருக்கும் அய்யாவுவின் வீட்டு வாசல் இது. வெயில் மண்டையைப் பிளக்கிறது. குடையை விரிக்கத் தோன்றவில்லை. எல்லைக்கல்லில் பட்டால் 'டக்'கென்று கேட்குமாம். இதுவரை கேட்டது ஒரு பால் டின்னும் பழைய சைக்கிள் பெடலும்தான்.

அலோர் ஸ்டாரில் நில அளவை இலாகாவில் வரைபடம் வரைந்து ஓய்வு பெற்றவர். கெடாவில் பாதிப் பேருடைய நிலத்துக்குக் கோடு போட்டது தன் கைதான் என்பார். போட்டது உண்மை, ஆனால் ஏர்கோன் அறையில் உட்கார்ந்து போட்டது. சேற்றில் இறங்கி அளந்தவர்கள் வேறு ஆட்கள். இவர் எல்லைக்கல்லைத் தாளில் சின்ன வட்டமாகத்தான் பார்த்திருக்கிறார்.

தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே வேலைக்கு வந்தவர். அந்தப் பேச்சில் இவரிடம் மிஞ்சியது ஒரே ஒரு சொல். மற்ற நேரமெல்லாம் நம்மூர்த் தமிழும் மலாயும் கலந்து பேசுகிறவர், குழம்பிவிட்டால் மட்டும் "விளங்கேல்லை" என்பார். சுங்கை பட்டாணியில் அடுத்த வீட்டுக்காரனான எனக்கு அது சுவர் தாண்டிக் கேட்கும். வீடு தேட ஆரம்பித்த பிறகு அடிக்கடி கேட்கிறது.

தேடுவது மனைவி சிவபாக்கியத்தின் முழங்காலுக்காக. மாடி வீட்டில் படுக்கையறை மேலே, அடுப்பு கீழே. ஒவ்வொரு படியிலும் நின்று மூச்சு வாங்கும் அந்த அம்மாளைப் பார்த்துவிட்டு, தரையோடு ஒரு வீடு, சுற்றிக் கொஞ்சம் நிலம் என்று முடிவு செய்தார். பழைய வீட்டை விற்றாகிவிட்டது. புதன்கிழமை சாமான் ஏற்ற லாரி வருகிறது. எங்கே போகச் சொல்வது என்பதுதான் இன்னும் தெரியவில்லை. வீட்டைக் கட்டிப் பார் என்று சொன்ன பெரியவர்கள், வாங்கிப் பார் என்று சொல்லாமல் விட்டுவிட்டார்கள்.

அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. எதிரில் வருகிறவரிடமெல்லாம் யோசனை கேட்பார். கேட்டதை அடுத்த ஆள் வரும்வரை உறுதியாக நம்புவார். இன்று காலைகூட தேத்தண்ணிக் கடையில், "அந்தப் பக்கம் நல்ல காத்து சார், கண்ண மூடிக்கிட்டு வாங்குங்க" என்றார்கள். நிமிர்ந்து நடந்து வந்தார். டயர் கடைக்காரர், "பாஞ்ஜிர் வந்தா பாம்பும் வரும்" என்றார். மனைவியோடு என் காரில் வந்தவர், வெள்ளம் இப்போதே வந்துவிட்டதுபோல் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

பக்கத்து நிலத்துக்காரர் ஜைனல் மோட்டார் சைக்கிளில் வந்து நின்றார். அத்தா செர்டாங்கில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த தமிழ் முஸ்லிம். அம்மா மலாய்க்காரர், நிலம் அம்மா வழி.

"என்ன தேடுறீங்க, அங்கிள்?"

"எல்லைக்கல்."

"அது இங்க இல்லையே. பின்னால வாங்க."

சமையலறைக்குப் பின்னால், துணி துவைக்கும் இடத்தருகே ஜைனல் காலால் புல்லை விலக்கினார். கல் தெரிந்தது. முத்துக்குமாரு வரைபடத்தை விரித்தார், திருப்பினார், தலைகீழாகவும் பிடித்துப் பார்த்தார். எப்படிப் பிடித்தாலும் கல்லுக்கு அந்தப் பக்கம், பள்ளத்தில் இறங்கும் மூன்று ஏக்கர் செம்பனைதான் அய்யாவுடையது. இந்தப் பக்கத்து மேடு, கிணறு, வீடு நிற்கும் தரை எல்லாம் ஜைனலுடையது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதைதான்.

"அப்ப இந்த வீடு யாருது?"

"அய்யாவு அண்ணனுது," என்றார் ஜைனல்.

"நிலம்?"

"எங்களுது."

அய்யாவு கிள்ளானில் மகள் குணவதியோடு போய் இருப்பதற்காக விற்கிறார். கூடவே வந்து நின்ற அவருக்கு இதில் என்ன குழப்பம் என்றே புரியவில்லை. "ஆறு ஏறுச்சுன்னா கீழ இடுப்பளவு தண்ணி சார். வீட்ட மேட்டுல கட்டிக்கோன்னு இவரு தாத்தா எங்கப்பாகிட்ட சொன்னாரு. அவங்க செம்படாக் பழ மரமெல்லாம் என் நிலத்து ஓரத்துலதான் நிக்குது. யாரு பிரிச்சுப் பார்த்தா?"

முத்துக்குமாரு லாயருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். லாயர் சுருக்கமாகச் சொன்னார்: வீடு நிற்பது சட்டப்படி மலாய்க்காரர் அல்லாதவர் பெயருக்கு மாற்ற முடியாத நிலம். கிராண்ட், அதாவது நிலப் பத்திரம், மூன்று ஏக்கருக்குத்தான் கிடைக்கும். வீட்டுக்குக் கிடைப்பது வாய்ப்பேச்சு. கையெழுத்துப் போடாதீர்கள்.

"விளங்கேல்லை," என்றார் இவர். லாயருக்கும் அது விளங்கியிருக்காது.

ஜைனலுக்கு முகம் வாடிவிட்டது. "வீட்ட தூக்கிட்டுப் போங்கன்னா சொல்றோம்? எங்க தாத்தா சொன்னாங்க, அம்மா சொன்னாங்க. நானும் சொல்றேன், இருங்க அங்கிள்."

"உங்களுக்குப் பிறகு?"

"மகன் ஹாஃபிஸ் இருக்கான், ஜொகூர்ல."

"அவரும் இருங்கன்னு சொல்வாரா?"

ஜைனல் மோட்டார் சைக்கிள் சாவியை விரலில் சுற்றிக்கொண்டிருந்துவிட்டு, "அது தெரியல லா, அங்கிள்," என்றார்.

 ஒரு பொய்யாவது சொல்லியிருக்கக் கூடாதா என்று எனக்கு ஜைனல் மேல் கோபம் வந்தது. முத்துக்குமாரு மட்டும் அவரை முதல்முறையாகப் பார்ப்பதுபோல் பார்த்தார். யோசனை கேட்டு அலைந்த இத்தனை நாளில் தெரியாது என்று சொன்னவர் இந்த ஒருவர்தான்.

வீட்டுக்குள்ளிருந்து சிவபாக்கியம் அம்மாள் கூப்பிட்டார். "இஞ்சேருங்கோ, இங்க ஒரு படிகூட இல்லை." கூடத்திலிருந்து சமையலறைக்கும், அங்கிருந்து குளியலறைக்கும் சுவரைப் பிடிக்காமல் நடந்து பார்த்திருக்கிறார். குரலில் அப்படி ஒரு மகிழ்ச்சி. வெளியே நடந்தது எதுவும் அவர் காதில் விழவில்லை. அய்யாவு தேநீர் கலக்க உள்ளே போனார். ஜைனலும் பின்னாலேயே போனார். அந்த வீட்டில் சீனி எந்த டப்பாவில் இருக்கிறது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்பார்களே, அப்படித்தான் முத்துக்குமாரு கல்லுக்கு இரு பக்கமும் காலை வைத்து நின்றார். போன் மறுபடி அடித்தது. லாயர்தான். பெயரைப் பார்த்தார், அடித்து ஓயும்வரை கையில் வைத்திருந்தார், பிறகு சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"ஒண்டும் விளங்கேல்லை," என்றார், என்னிடமா மண்ணிடமா தெரியவில்லை. சமையலறை ஜன்னல் பக்கம் ஒருமுறை பார்த்தார். உள்ளே யாரும் கவனிக்கவில்லை என்று தெரிந்ததும், குடை முனையால் மண்ணை இழுத்து இழுத்துக் கல்லை மூடினார். மேலே கொஞ்சம் புல்லைத் தள்ளி, செருப்புக் காலால் மெதுவாக மிதித்துவிட்டார்.