எல்லாப் பெட்டிக்கும் 'சரிங்க' சொன்னவன்

நான் சொல்லப்போவதை நீங்கள் யாரும் நம்பமாட்டீர்கள் என்று சத்தியம் செய்கிறேன்.

போன வாரம் நான் கிளார்க்காக இருக்கும் மடுல்சீமைத் தேயிலைத் தோட்ட ஆபிஸ் கம்ப்யூட்டரில் இலவச மென்பொருள் ஒன்றைப் போட்டேன். அதன் பின்னாலேயே அழையாத ஐந்து பேர் வந்து குடியேறிவிட்டார்கள். ஒருவர் வைரஸ் பிடிப்பவர். இன்னொருவர் லண்டனில் மழையா என்று சொல்பவர். மற்றவர்கள் எதற்கு வந்தார்கள் என்று அவர்களுக்கே தெரியாது.

இன்று காலை, கொழுந்து எடுக்கும் செல்வி வந்தார். மகளுக்கு நாளைக் காலை பதுளையில் தாதியர் பயிற்சிக்கு நேர்முகப் பரீட்சை. இந்தத் தோட்டத்தில்தான் குடியிருக்கிறாள் என்று ஆபிஸ் கொடுக்கும் வதிவிடக் கடிதம் வேண்டும்.

"பத்தரை பஸ்ஸ விட்டா இன்னைக்கு வேற பஸ் இல்லீங்க ஐயா."

கம்ப்யூட்டரில் கடிதத்தைத் திறந்தேன். வைரஸ் பிடிப்பவரின் உரிமம் முடிந்துவிட்டது, புதுப்பிக்கச் சம்மதமா என்று திரையில் ஒரு பெட்டி மறித்தது. சம்மதம் என்று அமுக்கினேன். அடுத்த பெட்டி வந்தது. நாற்பதாயிரம் பெட்டிகளுக்குச் சம்மதித்திருப்பேன். பிரிண்டர் அசையவில்லை. ரோட்டில் பஸ் ஹார்ன் அடித்தது.

செல்வி மேசைக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டார்.

"எல்லாத்துக்கும் சரிங்கன்னா எப்பிடிங்க? தராசுல கொழுந்து எடையைக் கழிக்கிறப்ப நாங்க சரின்னா சொல்றோம்? ஓரத்துல மங்கலா ஒண்ணு இருக்கே, அத அமுக்குங்க."

அதில் 'இப்போது வேண்டாம்' என்று ஆங்கிலத்தில் இருந்தது. அமுக்கினேன். பெட்டி மறைந்தது, கடிதம் வந்தது. செல்வி ஓடிய ஓட்டத்தில் மலை இரண்டாகப் பிளந்தது. பஸ்ஸைப் பிடித்துவிட்டார்.

நாற்பதாயிரமும் மலையும் என் கைச்சரக்கு. முப்பது வருட உத்தியோகத்தில் நான் 'வேண்டாம்' சொன்னது இதுதான் முதல் தடவை என்பது மட்டும் உண்மை.

நீங்கள் கடைசியாக எப்போது சொன்னீர்கள்?