வேண்டாம் என்று சொன்ன சர்வர்

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. திருத்தணி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தேன். கூடவே ஊர்க்காரர்களுக்கு மின்னஞ்சல் முகவரி கொடுக்கும் வேலையும் செய்தேன். சர்வர் சென்னையில் வாடகைக்கு எடுத்தது; திட்டு வாங்குவது மட்டும் திருத்தணியில் நான்.

திட்டுக்குக் காரணம் குப்பை மின்னஞ்சல். ஆர்.கே.பேட்டையில் பவர்லூம் வைத்திருந்த ஒருவர் வாரம் தவறாமல் வந்து கத்துவார். "நான் லுங்கி விக்கிறவன்மா. எனக்கு எதுக்கு டெய்லி லாட்டரி வுழுந்துச்சின்னு எழுதிகினு இருக்கான்? நீ இன்னா பாத்துகினு இருக்கே?" என்னவோ நானே உட்கார்ந்து அவருக்கு லாட்டரி அனுப்புவதுபோல.

வெறுத்துப் போய்த்தான் பொதுத் தடைப்பட்டியலைப் பிடித்தேன். குப்பை அனுப்பும் சர்வர்களின் எண்களை யார் யாரோ சேர்ந்து திரட்டி, உலகத்துக்கே பொதுவாக வைத்திருக்கும் பட்டியல் அது. ஒரு கடிதம் வந்து நின்றதும் என் சர்வர் அந்தப் பட்டியலைப் பார்க்கும். அனுப்பிய சர்வரின் எண் அதில் இருந்தால், கடிதத்தைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் திருப்பிவிடும். அனுப்பியவருக்கு ஒரு வரி பதில் போகும். அந்த வரி என் இஷ்டம். உங்கள் சர்வர் தடைப்பட்டியலில் இருப்பதால் கடிதத்தை ஏற்க இயலவில்லை என்று மரியாதையான வரி ஒன்று ஏற்கெனவே இருந்தது. இந்தத் திருடர்களுக்கு என்ன மரியாதை என்று அதை அழித்துவிட்டு ஆங்கிலத்தில் நானே எழுதினேன்: 'நீங்கள் தர வந்தது எங்களுக்கு வேண்டாம். இனி எழுதாதீர்கள்.' எழுதியதும் மனசு குளிர்ந்தது, மறைப்பானேன். குப்பையும் பெரும்பாலும் நின்றது.

அந்த நாட்களில்தான் மலைக்கோயில் மடைப்பள்ளியில் சமைக்கும் ஒருவர் என்னிடம் முகவரி வாங்கினார். அந்த வேலை அவர்கள் குடும்பத்தில் முறை வைத்து நடப்பது. அண்ணன் தம்பி நான்கு பேர். இவருக்கு நாலு மாதத்துக்கு ஒரு மாதம்தான் சமையல். மலேசியாவில் ஒரு கோயிலுக்குச் சமையல்காரர் தேவை என்று கேள்விப்பட்டு, பதிலுக்கு இந்த முகவரியைக் கொடுத்துத் தபாலில் எழுதிப் போட்டிருந்தார். வருஷம் முழுக்க வேலை. வேறு எதைப் பற்றியும் அவர் பேசி நான் கேட்டதில்லை.

முறை இருக்கும் மாதமும் இல்லாத மாதமும் தினம் மதியம் வந்துவிடுவார்.

"வந்துதாம்மா?"

"வரலீங்க."

வரலை என்றால் போக வேண்டியதுதானே? மாட்டார். கம்ப்யூட்டரைத் தொடாமல் தள்ளி நின்று பத்து நிமிஷம் திரையையே பார்ப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒருநாள் கையில் தபாலோடு வந்தார். மலேசியாவிலிருந்து, தமிழில் நாலு வரி. மூன்று முறை மின்னஞ்சல் அனுப்பினார்களாம். வேண்டாம், இனி எழுதாதீர்கள் என்று பதில் வந்ததாம். ஆகவே வேறொருவரை எடுத்துக்கொண்டார்களாம்.

"நான் ஒண்ணும் எழுதலியேம்மா. எனக்கு இதுல எழுதவே தெரியாதே," என்றார்.

சர்வரின் குறிப்புகளைத் தேடினேன். மூன்றும் இருந்தன. அந்தக் கோயிலின் கடிதங்கள் பல பேர் பங்கு போட்டுக்கொண்ட ஒரு சர்வர் வழியாக வந்திருக்கின்றன. பங்காளிகளில் எவனோ குப்பை அனுப்ப, மொத்த சர்வரும் பட்டியலில் ஏறியிருக்கிறது. லாட்டரிக்காரனைத் திட்டினேன், பட்டியல் போட்டவர்களைத் திட்டினேன். ஆனால் அந்த வரியை அவர்கள் யாரும் எழுதவில்லை. பழைய வரியே இருந்திருந்தால் ஏதோ கோளாறு என்று நினைத்து அப்போதே தபால் போட்டிருப்பார்கள்.

அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அந்த வரியைத் தமிழில் அவர் முகத்துக்கு நேராகச் சொல்ல வேண்டியிருந்தது.

"என் பேர்லயா அப்படிப் போச்சு?"

வேறொரு முகவரியிலிருந்து அந்தக் கோயிலுக்கு மன்னிப்புக் கேட்டு உடனே எழுதினேன். மறுநாள் அவர் நின்றுகொண்டிருக்கும்போதே பதில் வந்தது. புது ஆள் வந்து சேர்ந்துவிட்டாராம். வருந்துகிறார்களாம்.

படித்துக் காட்டினேன். அவர், "அந்த மூணும் என்னைக்கும்மா வந்துது?" என்றார்.

தேதிகளை வாசித்தேன். கடைசி ஒன்று கிருத்திகை அன்று, மதியம் ஒன்றரை மணிக்கு.

"அன்னைக்கு அந்தக் கூட்டத்துல பூந்துகினு வந்தேன். எத்தினி தபாதான் கேப்பீங்கன்னு என் மேல வள்ளுன்னு வுழுந்தியே, அந்த நேரமாம்மா?"

அவர் குரலில் கோபமே இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"ஆங்," என்றேன்.