தணிகாசலத்தின் கையிலிருந்து விழுந்த சீட்டுகள்

மாகறலில் ஒரு பசுவுக்கு வைத்தியம் பார்த்துவிட்டு வாளித் தண்ணீரில் கை கழுவிக்கொண்டிருந்தேன். அப்போதுதான் நாகப்பனின் போன் வந்தது. “தணிகா பூட்டான்யா” என்றான். தணிகாசலம் இறந்துவிட்டான். நாகப்பன் லைனைத் துண்டிக்கவில்லை. அவன் மூச்சு மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. சோப்பு காய்ந்துபோன கையோடு நானும் நின்றுகொண்டிருந்தேன். பசுவின் சொந்தக்காரர்தான் என் தோளைத் தொட்டு, “இன்னா சார், யாரு?” என்று கேட்டார்.

இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்களில், உத்திரமேரூர் சுற்றுவட்டாரத்தில் கிணற்று மோட்டார் வைத்திருந்த பலருக்கும் தணிகாசலத்தைத் தெரியும். எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, புதுக் கம்பி சுற்றி, காயில் கட்டிக் கொடுத்தவன். அவனோடு சீட்டாடியவர்கள் நாங்கள் மூன்று பேர்தான்: உரக்கடை நாகப்பன், டயர்கடை காதர் பாய், கால்நடை ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்ற நான். ஞாயிறு மதியங்களில் அவன் கடைக்குப் பின்னாலிருந்த தகரக் கொட்டகையில் ரம்மி ஆடுவோம். பணம் வைத்து ஆடியதில்லை. தோற்றவன் டீ வாங்க வேண்டும்.

அந்தக் கொட்டகையில் தணிகாசலம் வைத்ததுதான் சட்டம். ஒருவன் சீட்டு தவறுதலாகத் தெரிந்துவிட்டால், பார்த்தவன் உடனே சொல்லிவிட வேண்டும். ஒருவன் பார்த்ததை எல்லோருக்கும் காட்டிவிட வேண்டும். ஒருமுறை நாகப்பன் போனை எடுப்பதற்காகத் திரும்பியபோது அவன் கைச்சீட்டு முழுக்க இந்தப் பக்கம் தெரிந்தது. தணிகாசலத்துக்கு ஒரே ஒரு சீட்டு வந்தால் ஆட்டம் முடியும் நிலை.

“நாகப்பா, உன் சீட்ட பாத்துட்டேன். ஆட்டின் ராணி ரெண்டு வச்சிக்கினு கீற. பாய், நீயும் பாத்துக்கோ.”

“சொல்லாம இருந்தா நீ ஜெயிச்சிருப்பியேடா?”

“அப்பிடி ஜெயிச்சா டீ தொண்டையில எறங்குமா?”

அன்று தோற்றது அவன்தான். டீயும் அவனே வாங்கினான்.

பிறகு அவன் கையிலிருந்தே சீட்டுகள் விழத் தொடங்கின. முதலில் எப்போதாவது ஒன்று. வேர்வை என்றான், சீட்டுக்கட்டு புதுசு என்றான். விழுந்ததைக் குனிந்து எடுத்து, எங்கள் எல்லோர் முன்னாலும் பிடித்துக் காட்டிவிட்டுத்தான் மறுபடி கையில் சேர்ப்பான். அடுத்தடுத்த வாரங்களில் விழுவது அதிகமானது. நான் கழிக்கும் சீட்டை எடுக்கும் முறை அவனுடையது. இரண்டு ஆட்டங்களில், அவன் சீட்டு விழுந்த சற்று நேரத்திலேயே அவனுக்கு வேண்டிய சீட்டு என் கையிலிருந்து இறங்கியது. என் கையில் அதைத் தவிரக் கழிக்க வேறு இல்லை. ஆனால் பார்த்துக்கொண்டிருந்த நாகப்பனுக்கு, அவன் சீட்டைக் காட்டிக் கேட்க நான் இறக்கிக் கொடுத்ததுபோலத் தெரிந்திருக்கும் என்பது எனக்கும் புரிந்தது.

நாகப்பன் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கேட்டான்: “தணிகா, சீட்டு தானா வியுதா, நீ வியவெக்கிறியா?”

காதர் பாய், “யா அல்லா, இன்னா பேச்சு இது” என்று எழுந்துவிட்டார். தணிகாசலம் கோபப்படவில்லை. தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அந்தக் கை தொடைமேல் தானாகவே ஆடிக்கொண்டிருந்தது. அதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். அவன் இடது கையால் அதைப் பிடித்து அமுக்கினான். இடது கையும் சேர்ந்து ஆடியது.

மறுவாரம் அவன் கொட்டகையைத் திறக்கவில்லை. அவன் மனைவி குணசுந்தரி என் வீட்டுக்கு வந்து அழுதாள். “புள்ளலூர்க்காரர் மோட்டாரு, கட்டிக் குடுத்த ரெண்டாம் நாளே எரிஞ்சிபோச்சிண்ணா. கம்பி சுத்தும்போது கை ஆடி மேல்பூச்சு உரிஞ்சிருக்குது. அவுரு நெல்லு கதிர் வுட்டு நிக்கிது. இவுரு ராத்திரி பகல்னு ஒக்காந்து திரும்ப சுத்துறாரு, பிரிக்கிறாரு, சுத்துறாரு. கம்பிய வாயால கடிச்சி இயுக்கிறாரு. எங்கள கிட்டயே வுட மாட்றாரு.”

நான் போனபோது அவன் தரையில் உட்கார்ந்திருந்தான். சுற்றிலும் செம்புக் கம்பி சிக்கிக் கிடந்தது. உதடு கிழிந்திருந்தது. “மாட்டு டாக்டரே, இதுக்கு எதுனா ஊசி கீதா? மாட்டுக்குப் போடற ஊசினாலும் பரவால்ல, போடு” என்றான். அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வேறொரு கடையிலிருந்து மோட்டார் வாங்கி புள்ளலூருக்கு அனுப்பிவிட்டு, அவனைக் காஞ்சிபுரத்துக்கு அழைத்துப் போனேன். நரம்பு சம்பந்தப்பட்ட நோய், மாத்திரையால் கொஞ்சம் தள்ளிப்போடலாம், நிறுத்த முடியாது என்றார் டாக்டர். பஸ்ஸில் திரும்பி வரும்போது அவன் ஒரு கேள்விதான் கேட்டான். “அப்போ நாகப்பனாண்ட சொல்லிடலாமில்ல? நான் வியவெக்கலன்னு?”

நாகப்பன் விஷயம் தெரிந்து ஓடிவந்தான். தன் காலைத் தொடக் குனிந்தவனைத் தணிகாசலம் தடுத்துவிட்டான். “நீ கேட்டது சரிதாம்பா. சந்தேகத்த மனசுல வச்சிக்கினு ஆடறதுக்கு மூஞ்சிக்கு நேரா கேக்கறது மேலு. எனக்கே தெர்லயே, இந்தக் கை யாருதுன்னு.”

மறுபடி ஆடத் தொடங்கினோம். அவன்தான் கெஞ்சினான். கடை மூடிவிட்டது, மோட்டார் இல்லை, இதாவது வேண்டும் என்றான். சீட்டைச் செருகி நிறுத்த வசதியாக நாகப்பன் ஒரு மரத்துண்டில் காடி வெட்டிக்கொண்டு வந்தான். சில மாதங்கள் அது உதவியது. பிறகு சீட்டை எடுக்கப் போகும் கையே அந்த மரத்துண்டைத் தட்டிவிட்டது. மொத்தச் சீட்டும் மலர்ந்து கிடக்கும். நாங்கள் மூவரும் பேசி வைத்துக்கொள்ளாமலே ஒரு பழக்கத்துக்கு வந்துவிட்டோம். விழும் சத்தம் கேட்டதும் ஒருவன் கூரையைப் பார்ப்பான், ஒருவன் போனைப் பார்ப்பான், நான் மூக்குக்கண்ணாடியைத் துடைப்பேன். அவன் மெல்ல மெல்லப் பொறுக்கி அடுக்குவான். அந்த நாட்களில் அவன் ஜெயிக்கவும் செய்தான். அதிகமாகவே ஜெயித்தான்.

ஒரு ஞாயிறு, ஆட்டம் முடிந்ததும், காதர் பாய் கையிலிருந்த சீட்டைத் தணிகாசலம் பிடுங்கி மேசையில் விரித்தான். பாய் எப்போதோ ஆட்டத்தை முடித்திருக்கலாம். முடிக்காமல் வைத்திருந்தார்.

“பாத்தத சொல்லாம இருக்கிறீங்க. சரி. ஜெயிக்க வேண்டியத வுட்டுக் குடுக்கிறீங்க. அப்போ நான் இங்க ஆளா கீறனா, பொணமா கீறனா?” அவன் குரல் அதற்குள் தேய்ந்து போயிருந்தது. கத்த முயன்று இருமினான். “என்னத் தோக்க வுடுங்கடா. இது ஒண்ணுதான் நான் இன்னும் செய்யறது.”

பாய் அழுதுவிட்டார். அன்றிலிருந்து சட்டப்படி ஆடினோம். விழுந்த சீட்டை எல்லோரும் பார்த்தோம், பார்த்ததைச் சொன்னோம், பார்த்ததை வைத்து ஆடினோம். அவன் ஒவ்வொரு ஆட்டமும் தோற்றான். மழைக்காலம் வந்து படுக்கையில் விழும்வரை தோற்றான். என் வாழ்க்கையில் அவ்வளவு கொடுமையான ஆட்டங்களை நான் ஆடியதில்லை. நண்பனின் சீட்டைப் பார்த்துவிட்டு அவனை வெல்வது எப்படி இருக்கும் என்று அவனை மோட்டார் வழியாக அறிந்த உங்களுக்கு என்னால் விளக்க முடியாது. தோற்றதும் அவன் நடுங்கும் விரலால் சட்டைப் பையைத் தொட்டுக் காட்டுவான். நாங்கள் அதிலிருந்து காசை எடுத்து டீ வாங்குவோம்.

இரங்கல் சுவரொட்டியில், நோயைப் பொறுமையோடு தாங்கியவர் என்று போட்டிருக்கிறார்கள். அது உண்மையில்லை. அவன் பொறுமையாக இல்லை. அழுதான், ஏசினான், “இந்தக் கைய வெட்டிப் போடு” என்று குணசுந்தரியிடம் மன்றாடினான். சோறு தொண்டையில் இறங்காமல் போனபோது தட்டைத் தட்டிவிட்டான். அதையும் உங்களிடம் மறைக்கக் கூடாது.

கடைசியாக அவனைப் பார்த்த அன்று, வருவதாக முன்கூட்டிச் சொல்லாமல் போயிருந்தேன். குணசுந்தரி அவனைக் கட்டிலிலிருந்து தூக்கிக்கொண்டிருந்தாள். இடுப்பில் சுற்றிய துண்டு ஈரமாகி நழுவிக் கீழே கிடந்தது. எலும்பும் தோலுமாக அவன் முழு உடம்பும் தெரிந்தது. நான் சட்டென்று சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. அது பேச்சு என்பது புரியவே சற்று நேரமானது.

“இன்னா சொல்றாரு?” என்று குணசுந்தரியைக் கேட்டேன்.

“இந்தப் பக்கம் திரும்பிப் பாக்கச் சொல்றாருண்ணா. வந்து பிடிக்கச் சொல்றாரு. எனுக்குத் தாங்கல, தனியாத் தூக்க முடியல.”

திரும்பினேன். அவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் போய் அவன் கையை என் கழுத்தைச் சுற்றிப் போட்டுக்கொண்டேன். அந்தக் கை என் முதுகில் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. இருவருமாக அவனைத் துடைத்து, வேட்டி சுற்றி, நாற்காலியில் உட்கார வைத்தோம். அத்தனை மெலிந்தவன் அப்படிக் கனப்பான் என்று நான் நினைத்ததில்லை. அவனிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது அந்தக் கனம்தான். என் வலது தோளில் அது இன்னும் இருக்கிறது.